வெடிக்காமல் மடிந்த அட்டை

வெள்ளிக்கிழமை, இரவு.

நாளை எங்கள் கல்யாண நாள். அவரோடு பேசி மூன்று நாளாகிறது. சண்டையைப் பற்றி எழுத மனமில்லை. சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்தேன். கெட்டியான சிவப்பு அட்டை. மடித்த இடத்தில் நிறம் வெடித்து வெள்ளை தெரிந்தது. இரண்டு வீணாயின. கடைசி அட்டையை எடுக்கும்போது, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து அவர் வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு அப்டியே மடிக்கிற? மொதல்ல கோடு போட்டு அமுத்து, அப்பால மடி. கம்பெனில தகட்டையே அப்டித்தான் மடிக்கிறோம்."

மை தீர்ந்த பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து அவரே அழுத்திக் கோடு போட்டு மடித்தார். அட்டை வெடிக்காமல் மடிந்தது. யாருக்கென்று கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ.

உள்ளே நீளமாக எழுத நினைத்திருந்தேன். ‘மடித்தது நீங்கதான்’ என்று மட்டும் எழுதி மூடிவிட்டேன்.