எஸ்தருக்குத் திறந்த மெஷின்

18 ஆகஸ்ட் 2007, சனி

பாத்திரம் கழுவும் மெஷின் இனித் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டதால், இன்று என் மனைவி எஸ்தரும் நானும் புதியது வாங்க வேலூருக்குப் போனோம். மூட்டுவாதத்தால் அவளுக்கு விரல்கள் மடங்குவதில்லை. மெஷின் இல்லாமல் சமாளிக்க முடியாது.

உள்ளே கொள்ளுமா என்று பார்க்க இட்லித் தட்டையும் பெரிய குக்கரையும் பையில் எடுத்துப்போனேன். கடை வாசலில் வாட்ச்மேன், "இன்னா சார், பழைய பாத்திரம் போட வந்தீங்களா?" என்றார். எஸ்தர் சிரித்துவிட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு வாரமாக மூன்று மெஷின்களுக்கு அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்திருந்தேன். முதலிடம் பெற்றதில் குக்கரும் சரியாக உட்கார்ந்தது. அதையே பில் போடச் சொன்னேன்.

பில் எழுத வந்த பெண் பேனாவை மூடினார். "இருங்க சார். வீட்ல பாத்திரம் போடறது அம்மாதானே? அம்மா, நீங்க ஒரு வாட்டி தொறந்து பாருங்க."

எஸ்தர் இழுத்தாள். கதவு அசையவில்லை. மறுபடியும் இழுத்துவிட்டு, "பரவால்ல, தொறந்து குடுக்க நீங்க இருக்கீங்களே" என்றாள் என்னிடம்.

அட்டவணையில் பதினோரு கேள்விகள் வைத்திருந்தேன். அவள் கையைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

கடைசி இடத்தில் இருந்த மெஷின், அவள் உள்ளங்கையால் அழுத்தியதும் திறந்துகொண்டது. அதையே எடுத்தோம்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை. எனக்கு எழுபத்தாறு ஆகிறது. நான் இல்லாத நாளிலும், கதவைத் திறக்க எஸ்தர் இனி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஆண்டவரே, அது போதும்.