கோழியின் ஈரல்

அக்கா,

பாப்பாவுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய வேர்க்கடலைப் பொடியை இனி ஒரு கரண்டிகூடக் கொடுக்காதே. போன் செய்தால் உன் மாமியார் எடுப்பார். எனக்கு நாக்கு எழாது. அதனால் இதை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒன்றின் ஈரலை நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். டெக்னீஷியன் அண்ணன் அதை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க கோழி தண்ணி போடுமா? குடிகாரன் ஈரல் மாதிரி பூரா ஓட்டை!" என்று சிரித்தார். "தீனி என்ன போட்டீங்க?"

"பூஞ்சை பிடிச்ச கடலைண்ணா. நல்லதைத் தனியா பொறுக்கிட்டு..."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லதை என்ன பண்ணீங்க?"

அதைத்தான் வறுத்துப் பாப்பாவுக்குப் பொடி இடித்தோம். ஒரே மூட்டைதானே அக்கா. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத கடலையிலும் விஷம் இறங்கியிருக்குமாம். வறுத்தாலும் போகாதாம்.

பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னாயே, பல் முளைக்கிறதாக இருக்கும் என்கிறாள் அம்மா. எனக்கும் அப்படியே நினைத்துக்கொள்ள ஆசை. பாப்பாவின் கண்ணை வெளிச்சத்தில் பார். மஞ்சளாக இருந்தால் பொடியையும் எடுத்துக்கொண்டு, அப்பாவுடன் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

மஞ்சளாக இல்லாவிட்டாலும் போ, அக்கா.

உன் தங்கை