நீ அழித்த செய்தி அலமாரியில் இருக்கிறது

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறாய், அது அப்படியே உண்மையாக இருக்கட்டும். கையெழுத்து என்னுடையது இல்லையே என்று பயந்துவிடாதே. வலது மணிக்கட்டில் நரம்பு வீங்கிவிட்டது, டாக்டர் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார். எத்தனை வருஷமா மவுஸ் பிடிக்கிறீங்கன்னு அவர் என்னைத்தான் கேட்டார், உன் அப்பா முந்திக்கொண்டு, "அதைப் பிடிச்ச நேரத்துல பாதி என் கையைப் பிடிச்சிருந்தா இந்த வீக்கமே வந்திருக்காது டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்த சிரிப்பில் மருந்துச் சீட்டில் என் வயதைத் தப்பாக எழுதிவிட்டார், குறைத்துத்தான் எழுதினார், நானும் திருத்தச் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். பேசுகிற மாதிரி எழுத மாட்டாளாம், கடிதம் கடிதமாக இருக்க வேண்டுமாம். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அதற்கு இஸ்திரி போட்டுத்தான் தாளில் வைக்கிறாள். (அம்மாவின் வாக்கியங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன அண்ணா, நான் முடித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.)

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவை இப்போது லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள், கையில் எண்ணெய் படாமல் வீட்டுக்கு வருவது அவருக்கே ஏதோ போல இருக்கிறது, வந்ததும் வீட்டுக் கதவுக் கீலுக்காவது எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்கு இந்த வருடம் நிறையப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். டிஜிட்டல் ஊடகம் என்றால் நாள் முழுக்க ரீல்ஸ் பார்ப்பது என்று நினைத்து வருகிறவர்கள்தான் பாதிப் பேர். முதல் வகுப்பிலேயே ஒரு பையன் எழுந்து, "மேடம், பாக்குறதுக்கு மார்க்கா, போடுறதுக்கு மார்க்கா?" என்று கேட்டான். ஏன் பார்த்தாய் என்று நாலு பக்கம் எழுதுவதற்குத்தான் மார்க் என்றேன், முகம் சுருங்கிப்போனது. அப்பா மட்டும் என்ன, "ஊர்ல எல்லாரும் சும்மா போனை நோண்டுறாங்க, உங்கம்மா சம்பளம் வாங்கிட்டு நோண்டுறா" என்று இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆய்வுக்கூடம் அதே இரண்டாம் மாடிக் கடைசி அறைதான், ஏசியை யாராலும் குறைக்க முடியவில்லை, நானும் என் ஆய்வு மாணவியும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மற்றவர்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்களைப் பூ, சூரியன், காபிக் கோப்பை என்று வகை பிரிக்கிறோம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பேச ஒன்றும் இல்லாதபோதும் ஒருவர் தினமும் ஒரு பூவை அனுப்புகிறார் என்றால் அதற்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது, அதைத் தேடுவதுதான் என் வேலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவை என் ஆய்வுக்குச் சோதனையாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று உங்கள் எல்லோரையும் கேட்டேன், நினைவிருக்கும். வெளியாட்களிடம் போவதற்கு முன்னால் கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. குழுவில் வருகிற செய்திகளை எல்லாம் அது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். நீயும் சரிம்மா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். பதினெட்டு வயது ஆகவில்லை என்று உன் தங்கையைக் குழுவிலிருந்து எடுத்தேன், அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை, இந்த வரியை எழுதும்போதுகூடப் பேனாவை அழுத்துகிறாள். சோதனை முடிந்ததும் கருவியை நிறுத்தியிருக்க வேண்டும். பரீட்சை விடைத்தாள், கருத்தரங்கு என்று அலைந்ததில் நிறுத்த மறந்துவிட்டேன், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ குழுவில் ஏதோ எழுதினாய், யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டாய். செய்தி நீக்கப்பட்டது என்ற வரி மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தை உடனே, "என்னடா அழிச்ச, எங்களுக்குத் தெரியாம பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?" என்று கேட்டாள். வேறு எங்கேயோ அனுப்ப வேண்டியது, தப்பாக வந்துவிட்டது என்றாய். எல்லோரும் விட்டுவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் என் ஆய்வு மாணவி வந்து வாசல் பக்கமே நின்றுகொண்டு, "மேடம், உங்க ஃபேமிலி க்ரூப் இன்னும் ஓடிட்டே இருக்கு, இப்பதான் பாத்து நிறுத்தினேன். அழிச்ச மெசேஜ் ஒண்ணும் உள்ள இருக்கு. நான் திறக்கல மேடம், சத்தியமா. நீளமும் நேரமும் மட்டும் பட்டியல்ல தெரிஞ்சுது" என்றாள். எவ்வளவு நீளம் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மேல் வருமாம், கொஞ்ச நேரம் விட்டுவைத்துத்தான் அழித்திருக்கிறதாம். நாலாம் எண் பங்கேற்பாளர் எழுதியது என்றாள். எங்கள் கணக்கில் நீதான் நாலாம் எண்.

கண்ணா, மற்ற அம்மாக்களாக இருந்தால் இதோடு விட்டிருப்பார்கள். நானோ அழித்த செய்திகளைப் பற்றிக் கட்டுரையே எழுதியவள். தப்பாக வந்த செய்தி சின்னதாக இருக்கும், வந்த கையோடு மறைந்துவிடும். நீளமாக எழுதிக் கொஞ்ச நேரம் விட்டுவைத்து அப்புறம் அழிப்பது வேறு, அது சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லப் பயந்தது. கருத்தரங்கு கருத்தரங்காகப் போய் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், இப்போது அந்தக் கைதட்டல் எல்லாம் சேர்ந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "பெத்தவங்களுக்கு என்ன பெரிய விதி? படிச்சிடு. படிச்சிட்டுப் படிக்காத மாதிரி இரு, எல்லா அம்மாவும் பண்றதுதானே" என்றார். உன் தங்கை விடவில்லை. "என் டைரியை அம்மா திறந்தா நீங்க சும்மா இருப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். டைரியில் என்ன எழுதியிருக்கிறாய் என்று அப்பா கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவர் சொன்னதும் மனதில் இருந்துகொண்டேதான் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். யாரும் இல்லை. கணினிக்கு முன்னால் ஸ்வெட்டர்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு உடம்புக்கு ஏதாவதோ, வேலை போய்விட்டதோ, திரும்பியே வரப் போவதில்லை என்று எழுதியிருப்பாயோ என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். எதுவாக இருந்தாலும் நீ அதை எழுதி, எங்களுக்கு வேண்டாம் என்று நீயே எடுத்துக்கொண்டாய். உன் கையிலிருந்து நான் பிடுங்கிப் படித்தால், பிறகு நீ என்னிடம் எதைச் சொன்னாலும் எனக்கு ஏற்கெனவே தெரியாதது போல நடிக்க வேண்டும். உன்னிடம் நடிக்க எனக்கு வராது. எழுந்து வந்துவிட்டேன், கையில் குடை இல்லை, அப்பா கேட்கவும் இல்லை.

மறுநாளே பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மாதிரித் தவறு நடந்தால் அவரிடம்தான் சொல்ல வேண்டும். கண்டிப்பான மனுஷி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "உங்க மகனா இருந்தாலும் நமக்கு அவர் பங்கேற்பாளர்தான் மேடம். கணினியில ஒண்ணும் இருக்கக் கூடாது, பூட்டி வைங்க. எல்லாருக்கும் எழுதித் தெரிவிங்க, அழிக்கணுமா திருப்பித் தரணுமான்னு அவங்களே சொல்லட்டும். புரியற மாதிரி எழுதுங்க, பேப்பர்ல எழுதுங்க" என்றார். ஆகவே இது வெறும் கடிதம் மட்டும் இல்லை, விதிப்படியான அறிவிப்பும்கூட. முதலில், மதிப்பிற்குரிய பங்கேற்பாளர் அவர்களுக்கு என்று ஆரம்பிக்கச் சொன்னேன், உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், பிறகு தாளை மாற்றினோம். அத்தைக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். "என் குட்மார்னிங் படமெல்லாம் யுனிவர்சிட்டில பத்திரமா இருக்கா? அழிச்சிடாதீங்க அண்ணி, என் போன்லயே இல்ல" என்றாள். மாமாவுக்குத் தான் அந்தக் குழுவில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

உன்னுடையது ஒரு சின்னப் பென் டிரைவில், துறை அலமாரியில் இருக்கிறது. கணினியில் இருந்ததை மாணவி முழுவதும் துடைத்துவிட்டாள். அலமாரிச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டேன், நான் கேட்டாலும் தராதே என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், நல்ல பெண், தரவில்லை. அழிக்கச் சொன்னால் அழிக்கிறோம், அனுப்பச் சொன்னால் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். இரண்டில் எதைச் சொன்னாலும் ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண் பரிசோதனை செய்து வருடம் ஆகிவிட்டது, தள்ளிப்போடாதே. அங்கே குளிர் தொடங்கும் முன் நல்ல காலுறை வாங்கிக்கொள், உன் பாதம் சின்ன வயதிலிருந்தே சில்லிட்டுத்தான் இருக்கும். நீண்ட ஆயுளும் நிம்மதியும் உனக்குக் கிடைக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எந்நேரமும் உன் பக்கம் இருக்கிறது. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான், விதிப்படியான பதிலை உறையில் உள்ள துறை முகவரிக்கு அனுப்பு, அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதினாயோ அதை மட்டும், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது, வீட்டுக்குப் போன் பண்ணி என்னிடம் சொல். ஆய்வுக்காகக் கேட்கவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா

அண்ணா, கையெழுத்துக்கு மேலே முதன்மை ஆய்வாளர் என்று போட வேண்டும் என்று அம்மா சொன்னார். நான் போடவில்லை. எழுதியது உன் தங்கை.