புல்வெட்டி விற்ற பணம்

ஷ்ரீவ்போர்ட், லூசியானா
ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை

பீனிக்ஸ் நகரத்து வெயிலையே வியர்க்க வைக்கும் என் அருமை மருமகள் ரெனெல்லுக்கு,

கடன் பெறத் தகுதியற்றோர் அனைவருக்கும் முடிசூடா மன்னனாகிய உன் மாமா எழுதுவது. இங்கு நலம். நீயும், அக்டோபரில் எழுந்தருளப்போகும் குட்டிப் பிரபுவும் நலமாயிருக்க வேண்டும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்று எழுந்தவன் இன்னும் உட்காரவில்லை. கூடத்தில் நடந்து நடந்து தரையில் வாய்க்கால் விழுந்துவிட்டது. மழை பெய்தால் படகு விடலாம். பின்னாலேயே நடந்த நாய் தலைசுற்றிப் படுத்துவிட்டது.

உனக்கு ஒன்பது வயதாகும்போது உன் அம்மா உன் பெயரில் எடுத்த கரண்ட் கனெக்‌ஷன், நீ வீட்டை விட்டுப் போன பிறகும் ஓடி, கட்டாத பில்லெல்லாம் உன் தலையில் விடிந்திருக்கிறது. வீட்டுக்காரர் உன் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்ததும் நீட்டிய சாவியைப் பையில் போட்டுக்கொண்டாராம். வயிற்றுப் பிள்ளையோடு வாரவாடகை மோட்டலில் கிடக்கிறாய். சட்ட உதவி அலுவலகத்துப் பெண், "உங்கம்மா மேல போலீஸ்ல ஒரு புகார் குடும்மா, எல்லாத்தையும் தொடைச்சிடலாம்" என்கிறாளாம். மாதக் கடைசியில் போவதாக எழுதியிருக்கிறாய். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் தங்கை செய்தது தப்பு. அந்த வெளிச்சத்தில்தானே படித்தாய் என்று கதைவிடவும் மாட்டேன். பாதி நேரம் டிவிதான் ஓடியது.

ஸ்கோரை ஏற்றிவிட கார்டு ஏதும் உண்டா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். சரியான ஆளிடம் கேட்டாய்! என் பார்பெக்யூ வண்டி திவாலான வருடம், கிணறு வெட்டுகிறவர்கள் விளக்குப் பிடித்துத் தேடினாலும் என் ஸ்கோர் அகப்பட்டிருக்காது. வங்கி வாசலில் நான் தும்மினால் உள்ளே பெட்டகம் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

கேள். அழைக்காமலே தபாலில் வந்து காலில் விழும் ஒரு கார்டு உண்டு. "உன் ஸ்கோர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்று குழையும். நீ தொடுவதற்கு முன்பே ஆண்டுக் கட்டணம் என்று கால்வாசியை விழுங்கிவிடும். குப்பையில் போடு. முன்பணம் போட்டுத் தேய்க்கும் கார்டு இன்னொன்று, சாது. ஆனால் நூறு வருடம் தேய்த்தாலும் ஸ்கோர் போடுகிறவர்கள் காதுக்குச் சேதி போகாது.

எனக்குக் கைகொடுத்தது டெபாசிட் கார்டு. முந்நூறு டாலரைக் கட்டி, அதே முந்நூறு டாலருக்குக் கடன் வாங்குவது! என் பணத்தைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு என் நாணயத்தைச் சோதித்தார்கள். கூட்டுறவு வங்கிப் பெண், "மிஸ்டர் மெட்டோயே, இதுல நீங்க டிவி வாங்குனீங்க, நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றாள். நான் மாதம் ஒருமுறை முட்டையும் பாலும் மட்டும் வாங்கினேன். பில் வந்த அன்றே முழுசாகக் கட்டினேன். ஸ்கோர் நத்தை மாதிரி ஏறியது. ஆனால் ஏறியது. ஒரு நாள் டெபாசிட்டையும் திருப்பித் தந்தார்கள். அக்டோபருக்குள் உனக்கு வீடு கிடைத்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மெதுவான வழிதான்.

இத்துடன் முந்நூறு டாலருக்கு மணியார்டர் வைத்திருக்கிறேன். என் புல்வெட்டி மெஷினை விற்ற பணம்.

நடுவில் எழுந்து போக வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு மிஸஸ் கில்லோரி வேலிமேல் சாய்ந்துகொண்டு, "ஏய் அல்சீட், எங்க வீட்டுப் புல்லுக்குள்ள முதலை குடியேறுனா நீதான் வாடகை வசூல் பண்ணணும், வர்றியா இல்லையா?" என்று கத்தினாள். போய் வெட்டிவிட்டு வந்தேன்.

விற்ற மெஷினால் எப்படி வெட்டினாய் என்று கேட்பாய். கேட்பாய் என்று தெரியும். அந்த மண்டை உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

பணம் கொடுத்தவர் பெயரைச் சொல்வதில்லை என்று பைபிள்மேல் கைவைத்திருக்கிறேன். "என் பேரு தெரிஞ்சா அப்பிடியே திருப்பி அனுப்பிடுவா. நீ மட்டும் வாயத் தொறந்தே, இனிமே இந்த வீட்ல உனக்குச் சோறு கிடையாதுண்ணே" என்று மிரட்டல் வேறு. ஆகவே சொல்லவில்லை. உறையில் கெளுத்தி மீன் வறுத்த வாசம் அடித்தால் தபால்காரரைக் கேள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சர்ச் சமையற்கட்டில் மீன் வறுக்கக் கூலிக்கு வாணலி முன் நின்றது யார், யார் முழங்கையெல்லாம் எண்ணெய்க் கொப்புளம், எதையும் நான் எழுதவில்லை. மெஷின் கொட்டகையில் இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். கார்டு விண்ணப்பத்தில் உன் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். அதை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டார்கள். போலீஸ் படிவத்திலும் அவள் பெயரைத்தான் கேட்பார்கள். எதை நிரப்புவது என்பது உன் இஷ்டம், கண்ணே. கார்டு என்றால் மட்டும், எழுத்து பிசகாமல் எழுது. கீழே என் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பார்த்து எழுதிக்கொள்.

நீயும் பிள்ளையும் சொந்தச் சாவியால் கதவு திறந்து நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உன் மாமா,
அல்சீட் மெட்டோயே