சீல் உடையாத பெட்டி

பெட்டியைக் கட்டிக்கொண்டவருக்கு,

தலைப்பிள்ளையை ஆசாரியரிடமிருந்து காசு கொடுத்து மீட்கும் நம் யூதச் சடங்கில், எல்லாத் தகப்பன்மாரிடமும் கேட்பதைத்தான் ஆசாரியர் எல்கானான் உங்களிடமும் கேட்டார்: “பிள்ளை வேணுமா, அஞ்சு வெள்ளிக்காசு வேணுமா?”

ஜெருசலேமில் எந்த மடையனும் யோசிக்காமல் பிள்ளை என்பான். நீங்கள் காசுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, “சீலை உடைக்காம அப்படியே வாங்கிக்க முடியாதா ஐயா? கடையில குடுத்த ஒரிஜினல் பெட்டி!” என்றீர்கள். காசு இரண்டாயிரம் வருடப் பழசு, எத்தனையோ அழுக்குக் கைகள் பட்டது. பெட்டியோ போன வருடத்து வெல்வெட். காசைக் கையில் தந்தால்தான் செல்லும் என்று அவர் சொன்னதும் சடங்கையே தள்ளிவைத்துவிட்டீர்கள், மகாப்பிரபு!

நேற்று சீலை நானே உடைத்தேன். உங்கள் அப்பா காசைக் கொடுத்துப் பேரனை மீட்டுவிட்டார். அவன் இப்போது என் அம்மா வீட்டில், என் மடியில் தூங்குகிறான்.

பெட்டியை அனுப்பியிருக்கிறேன், ஒரு கீறல்கூட இல்லை. அங்கே தொட்டில் காலியாகத்தானே கிடக்கிறது? அதில் போட்டுத் தாலாட்டுங்கள்.

பிள்ளைதான் வேண்டும் என்றவள்