பின் கேட் சாவி

மார்ச் 4, செவ்வாய்

போதும். பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இன்று நடந்ததை எழுதியே தீர வேண்டும்.

காலை பத்து ஐம்பதுக்கு என் மேசை ஃபோன் அடித்தது. ஆண் குரல். "உங்க ஷூ ஃபேக்டரில பாம் வெச்சிருக்குது. பன்னெண்டுக்கு வெடிக்கும்." எங்கே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். போலீசுக்குச் சொன்னேன். மைக்கில் எல்லோரையும் வெளியேறச் சொன்னேன். அட்மின் ஆபீசர் செய்ய வேண்டியது அதுதானே? பிறகு எங்கே தப்பியது?

நானூறு பெண்களும் முன் கேட்டில் நெருக்கியடித்து நின்றார்கள். வரிசை நகரவில்லை. கேட் காவலர் மேகலா, தினமும் மாலையில் செய்வதுபோல, ஒவ்வொரு பையாகத் திறந்து தோல் துண்டு போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்! கத்தினேன்.

"இன்னா சார் நீங்க, செக்கிங் இல்லாம அனுப்பினா எம்மேலதான கம்ப்ளைண்ட் வரும்? வேணாம்னு யாரும் சொல்லலியே."

பின் கேட்டில் பூட்டு. சாவி யாரிடம்? ஒருவருக்கும் தெரியவில்லை. தையல் பிரிவு ஹீனா, ஐந்து மாதக் கர்ப்பிணி, நெரிசலில் விழுந்துவிட்டாள்.

வேலூரிலிருந்து போலீசார் மோப்ப நாயோடு வந்து இரண்டு மணி வரை தேடினார்கள். ஒன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

பின் கேட்டைத் திறக்க ஏற்பாடு வேண்டுமென்று நவம்பரிலேயே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சூரியபிரகாஷ் குப்பையில் போட்டிருப்பான். என்னிடம் வேலை கற்றவன். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறான். நேற்று பார்த்து சென்னையில் இருந்தான். அவனைப் பற்றி முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

ஹீனாவின் குழந்தைக்கு ஒன்றுமில்லையாம். அப்படியென்றால் ஏன் இன்னும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 6, வியாழன்

மேகலாவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்கிறார்கள். என் மேசைக்கு வந்தாள். "சார், எனக்கு யாரும் சொல்லலன்னு நீங்களாச்சும் சொல்லுங்க. நீங்க படிச்சவரு."

மார்ச் 7, வெள்ளி

நவம்பர் கடிதத்தின் நகலைத் தேடினேன். என் மேசைத் தபால் தட்டின் அடியில் சூரியபிரகாஷ் அனுப்பிய உறைகள். அவனுடைய உறைகளை நான் பிரிப்பதில்லை. அவசரமென்றால் நேரில் வந்து சொல்லட்டுமே!

ஒன்று கனத்தது. ஜனவரி 9 தேதி.

"நீங்கள் எழுதியது சரி, சார். பின் கேட் சாவி இனி உங்கள் பொறுப்பு. மிரட்டலோ தீயோ, செக்கிங் கூடாது, இரண்டு கேட்டும் திறக்க வேண்டும் என்று காவலர்களுக்குச் சொல்லிவிடுங்கள்."

கீழே டேப் போட்டு ஒட்டிய சாவி.

சார் என்று எழுதியிருக்கிறான்.

இதை ஏன் அவன் இன்னும் வெளியே சொல்லவில்லை? மறந்துவிட்டானா? என்னைக் காப்பாற்றுகிறானா? விசாரணையில் எடுத்துப் போடக் காத்திருக்கிறானா? ஒன்றும் புரியவில்லையே...

மாலையில் போய்ப் பின் கேட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரே திருப்பில் திறந்தது.

மார்ச் 8, சனி

முதலாளிக்கு எழுதிய பழைய மொட்டைக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். புதியது நான்கே வரி. சாவியும் உத்தரவும் ஜனவரியிலிருந்து அட்மின் ஆபீசரின் தட்டில் பிரிக்காமல் கிடந்தன. மேகலாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உத்தரவையும் மடித்து உள்ளே வைத்தேன்.

அடியில் பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் எல்லாத் தாளிலும் போட்ட கையெழுத்து, வரவில்லை.

என் தட்டிலிருந்து வேறு யார் எடுத்திருக்க முடியும்? தெரிந்துவிடும். தெரியட்டும்.

பெயர் போடவில்லை. இப்படியே தபாலில் சேர்க்கிறேன். திங்கட்கிழமை கிடைத்துவிடும்.