மூன்றாவது பிரதி

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் படம் எடுக்கப் போன அந்த மலையில் ஜுரம் கிரம் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே சிக்னல் கிடையாது என்பதால் பேனாவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அம்மாவுக்குப் பல்வலி, டாக்டரிடம் போ என்றால் நாளைக்கு நாளைக்கு என்கிறாள். ஆபீசில் புதிதாக வந்தவன் உன் போட்டோவைப் பார்த்துத் தங்கச்சியா சார் என்று கேட்டான், இருபது வயதில் அப்பன் ஆனால் இப்படித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இறந்துபோன பெரியவரின் படங்களை எல்லாம் அழித்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறாய். போனவருடைய சட்டி, கத்தி எல்லாவற்றையும் உடைத்துப் புதைத்துவிடுவார்களாம், முகமும் மிஞ்சக் கூடாது என்று அவர் தங்கை கேட்டாராம், நீயும் வாக்குக் கொடுத்துவிட்டாயாம். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாஷை பேசுகிறவர்கள் மொத்தப் பேரும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள் என்று நீதானே சொன்னாய், அவர்களும் போன பிறகு என்ன இருக்கும், இதையும் அழித்துவிட்டு நீ அங்கே எதற்குப் போனாய். அம்மாவிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அது அவங்க வீட்டுச் சாவு. வச்சுக்க நீங்க யாரு?" என்றாள். நான் எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

உன் மெமரி கார்டை நீ அழித்துவிட்டாய், நீ டவுனுக்கு வந்து அனுப்பியது வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது, அதை நேற்று நான் அழித்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருப்பாய். முடியவில்லை. வீட்டு டிஸ்க்கில் எது வந்து விழுந்தாலும் ஆபீஸ் சர்வருக்கு ஒரு பிரதி தானாகப் போகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. அந்தப் பிரதியை அழிக்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அந்தத் தங்கை அண்ணன் தாடையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாரே, அப்படி ஒரு படம் நீ இதுவரை எடுத்ததில்லை. அழிக்கக் கை வரவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சட்டி உடைந்ததை அந்தத் தங்கைக்கார அம்மா கண்ணால் பார்த்திருப்பார், படம் எங்கேயும் இல்லை என்று காட்ட என்னாலேயே முடியாது, உன் வார்த்தையை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அதுதான் என்னைப் படுத்துகிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி, தனியாக எங்கும் ஏறி இறங்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. முக்கியமாக, நான் மறுபடி எழுதும்வரை அந்த அம்மாவிடம் அழித்தாகிவிட்டது என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா